பீரங்கிக்காரர் வரைந்த பெங்களூர்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: காட்பாடியிலிருந்து அலசூர் வரை

காட்பாடியில் ரயில் ஏறியபோது என் பையில் மாற்றுத் துணியைவிடக் காகிதம்தான் அதிகம் இருந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்த பதினொரு வண்ண அச்சுகள் அவை. எல்லாமே ஒரே மனிதர் வரைந்த படங்களின் நகல்கள். அவர் பெயர் ஜேம்ஸ் ஹண்டர். ராயல் ஆர்ட்டிலரி என்னும் ஆங்கிலேயப் பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்தவர். திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயர் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரில், படைத்தலைவர் காரன்வாலிஸ் பிரபுவின் கீழ்ப் பணியாற்றிக்கொண்டே, போன வழியெல்லாம் கோட்டை வாசல்களையும் கோயில்களையும் தெருக்களையும் வரைந்து வைத்தார். 1792இல் இறந்துபோனார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் பாண்டு தெருவில் அச்சுப்படக் கடை நடத்திய எட்வர்ட் ஓர்ம் என்பவர் அவற்றில் நாற்பது படங்களைச் செப்புத் தகடுகளில் ஏற்றி, மைசூர் நாட்டின் எழில் காட்சிகள் என்று பொருள்படும் தலைப்பில் 1804–05இல் நூலாக வெளியிட்டார். இன்று ஹண்டர் என்ற பெயர் நமக்குத் தெரிவதே அந்த நூலால்தான். அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

ஹண்டரின் தாள்களில் எங்கள் காஞ்சிபுரமும் இருக்கிறது, ஓசூரும் இருக்கிறது. எங்கள் ஊரின் படத்தைத் தேடப்போய்த்தான் இந்த மனிதர் எனக்கு அகப்பட்டார். ஆனால் அவர் அதிகம் நின்று வரைந்த ஊர் பெங்களூர். ஆகவே அவர் நின்ற இடங்களில் ஒருமுறை நின்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அலசூரில் சித்தப்பா வீடு இருப்பதால் தங்கும் செலவு இல்லை என்பதும் ஒரு காரணம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது பெட்டியில் யாரோ பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். 1791 பிப்ரவரியில் திப்பு சுல்தான் எதிரியை எதிர்பார்த்திருந்தது இந்தப் பக்கத்துக் கணவாய்களில்தான். வேலூர் வரை வந்த காரன்வாலிஸ், ஆம்பூரை நோக்கிப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி, சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவே உள்ள மொகிலி கணவாய் வழியாக மேட்டு நிலத்தில் ஏறிவிட்டார். கோலார், ஹொசகோட்டே என்று ஒவ்வொன்றாகக் கடந்து மார்ச் 5ஆம் தேதி அந்தப் படை பெங்களூருக்கு முன்னால் வந்து நின்றது. சென்னைப் பக்கமிருந்து புறப்பட்டு ஒரு மாதம். எனக்குக் காட்பாடியிலிருந்து சில மணி நேரம்.

சித்தப்பா, ராணுவப் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பதுங்குகுழி வெட்டுவது என்று அந்தப் படைப்பிரிவின் எல்லா வேலைகளையும் செய்தவர். அலசூர் ஏரிக்கரையில் அந்தப் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதால், ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு அந்த ஏரியை விட்டு விலக மனமில்லை. இரவு சித்தி போட்ட ராகிக் களியையும் கீரை மசியலையும் சாப்பிட்டுவிட்டு, அச்சுகளைத் தரையில் பரப்பினேன். ஓவிய ஆர்வலர்கள் முதலில் வானத்தையும் மரத்தையும் பார்ப்பார்கள். சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கோட்டை மதிலுக்கும் வரைந்தவர் நின்ற இடத்துக்கும் நடுவிலிருந்த வெற்று நிலத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“இவன் படம் மட்டும் போடலடா. தூரத்தைக் கணக்கு போட்டுட்டுத்தான் போட்டிருக்கான்” என்றார்.

அது வெறும் பேச்சு இல்லை. புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் பீரங்கி அதிகாரிக்கு ஓவியம் என்பது தொழிற்கல்வி. ராயல் ஆர்ட்டிலரிக்கு அதிகாரிகளைத் தயார் செய்த ஊல்விச் ராணுவப் பள்ளியில் ஓவியமும் ஒரு பாடம். இங்கிலாந்தின் நீர்வண்ண ஓவியர்களில் முக்கியமானவரான பால் சாண்ட்பி 1768 முதல் 1796 வரை அங்கே தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். மதிலின் உயரம், மேட்டின் சரிவு, மரக்கூட்டத்தின் மறைவு ஆகியவற்றைக் கண்ணால் அளந்து தாளில் இறக்கத் தெரியாதவன் குண்டை எங்கே கொண்டுபோய் விழவைப்பான்?

இரண்டாம் நாள்: டில்லி வாசல்

அலசூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் வழித்தடம் மாறி, கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கினோம். படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் பூ மார்க்கெட்டின் இரைச்சல், இன்னொரு பக்கம் பேருந்துகள். அவற்றுக்கு நடுவே தன்பாட்டுக்குக் கிடக்கிறது பெங்களூர்க் கோட்டை. மிஞ்சியிருப்பது டில்லி வாசலும் அதை ஒட்டிய சிறிது மதிலும் கொத்தளமும் மட்டுமே. 1537இல் பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடா எழுப்பிய மண் கோட்டையை 1761இல் ஹைதர் அலி கல்லால் மாற்றிக் கட்டினார். ஏறக்குறைய ஒரு மைல் சுற்றளவு, வடக்கே ஊரைப் பார்த்த டில்லி வாசல், தெற்கே மைசூர் வாசல், சுற்றிலும் அகழி என்று இருந்தது இப்போது கையகலமாகச் சுருங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் சாலைகளாகவும் விக்டோரியா மருத்துவமனையாகவும் மருத்துவக் கல்லூரியாகவும் மாறிவிட்டது.

கையிலிருந்த அச்சுகளில் ஒன்றின் தலைப்பு, ‘பெங்களூர்க் கோட்டையின் வடக்கு வாசல், திப்புவின் கொடி பறக்கும் நிலையில்’. கோட்டை பிடிபட்ட பிறகு அங்கே திப்புவின் கொடி எப்படிப் பறக்கும் என்று ரயிலிலேயே எனக்குக் குழப்பமாக இருந்தது. சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் தேதிகளைக் கேட்டார்; சொன்னேன். மார்ச் 5ஆம் தேதி படை வந்தது. 7ஆம் தேதி வணிகர்கள் வாழ்ந்த பேட்டை விழுந்தது. கோட்டை விழுந்தது 21ஆம் தேதி இரவு.

“பதினாறு நாள் இருக்கே. பதினாறு நாளும் வெளியில உக்காந்து இதையேதான் பார்த்துட்டிருந்திருப்பான். அப்போ மேல பறந்தது அந்தக் கொடிதானே?”

கொடி பற்றிய அந்தச் சொற்களைப் பதிப்பாளரே பின்னால் சேர்த்திருக்கலாம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. முற்றுகையில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தவனுக்கு எதிரியின் கொடிக்கம்பம் மறக்காது என்றார். எனக்கு அவர் சொன்னதே சரியென்று படுகிறது.

வாசலின் அமைப்பை அவர் விளக்கிய விதத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் ஹண்டரின் படம் எனக்குப் படிக்கக் கிடைத்தது. வாசலுக்குள் நேராக நுழைய முடியாது; நுழைந்ததும் வழி திரும்புகிறது, மறுபடி திரும்புகிறது. வெளியே நிற்கும் பீரங்கி எவ்வளவு பெரியதானாலும் உள் கதவை நேர்க்கோட்டில் குறிவைக்க இயலாது. கதவை முட்ட வரும் யானைக்கும் ஓடிவந்து மோத இடம் கிடைக்காது. அதையும் மீறி வந்தால் கதவில் பதித்த இரும்பு முனைகள் அதன் நெற்றிக்கு நேராக நிற்கும். பெரிய கதவுக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும்படி திட்டிவாசல். அந்த மரத்தின் மீது கையை வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் நார் நாராகப் பிரிந்து, இரும்பைச் சுற்றி மட்டும் கறுத்துப் போயிருந்தது. இவ்வளவு கணக்காகக் கட்டிய வாசலின் சுவரில் தாமரையும் கிளியும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பிள்ளையார் கோயிலும் உண்டு.

இந்த வாசல் இவ்வளவு கடினமானது என்பதால்தான் ஆங்கிலேயர்கள் வாசலோடு மல்லுக்கட்டாமல் பக்கத்து மதிலை உடைத்தார்கள். கிருஷ்ணராஜேந்திர சாலையைப் பார்த்த வெளிச்சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த உடைப்பின் வழியாகத்தான் 1791 மார்ச் 21இல் ஆங்கிலேயரின் தாக்குதல் நடந்தது என்பது அதன் வாசகம். நிலா வெளிச்சத்தில் நடந்த அந்தத் தாக்குதலில் கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மடிந்தார். கல்லின் கீழே ஒருவர் ஹெல்மெட்டுகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்து படிப்பதைப் பார்த்து, நாங்கள் ஏதோ சரக்கைத் தேடுகிறோம் என்று நினைத்து, கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறி விலை சொன்னார்.

சித்தப்பா அந்தக் கல்லை வேறு விதமாகப் பார்த்தார். அவருடைய படைப்பிரிவின் முன்னோடிகளான மெட்ராஸ் பயனீர்கள் 1780இல் திரட்டப்பட்டவர்கள். மைசூர்ப் போர்களில் பதுங்குகுழி வெட்டியதும் பாதை போட்டதும் பீரங்கி மேடை கட்டியதும் அவர்கள்தான். பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள். “கல்லுல பேரு வேற யாருக்கோ. மண்ணு வெட்டினது நம்ம தம்பிங்க” என்றார். சாப்பர்ஸை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல்லை அவர் எப்போதும் பெருமையோடுதான் சொல்வார். அந்தப் பக்கம் மதிலைக் காத்து நின்றவர்களிலும் தமிழ் பேசியவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

பிறகு அவர் என்னை நிற்கவைத்துவிட்டு மதிலிலிருந்து சாலை ஓரமாகக் காலடி எண்ணிக்கொண்டு நடந்தார். நூற்றுச் சொச்சம் வந்ததும் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நிற்க, கணக்கு தவறிவிட்டது. திட்டிக்கொண்டே திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான செய்தி எனக்கு உறைத்தது. 1792 மார்ச் 18இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. பெங்களூர் திப்புவிடமே திரும்பியது. ஆங்கிலேயருக்கு எதிராக இந்தக் கோட்டை பயன்படவில்லை, அவர்கள் கையில் சிக்கினால் அவர்களுக்கே பயன்படும் என்று கண்ட திப்பு, அதன் அரண்களைத் தாமே இடிக்கச் செய்தார். திப்பு வீழ்ந்த பின் மைசூர் நாட்டை ஆராய்ந்து எழுத 1800 மே மாதம் இங்கே வந்த ஆங்கிலக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், தகப்பன் கட்டியதை மகன் அழித்த கதையைத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதன்பின் திவான் பூர்ணையா மறுபடி கட்டினார். எனவே ஹைதர் கட்டி, திப்பு இடிக்காத கோட்டை எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் கண்சாட்சிகள், அதை உடைக்க வந்த படையோடு வந்த சிலர் வரைந்த தாள்கள்தான். ஹண்டரைத் தவிர ராபர்ட் கோல்புரூக், அலெக்சாண்டர் ஆலன் என்ற அதிகாரிகளும் அந்தப் போரின்போது வரைந்தார்கள். கோல்புரூக் நில அளவையாளராகவும் பெயர் எடுத்தவர்.

மூன்றாம் நாள்: தேக்குத் தூண்கள்

கோட்டைக்கு நடந்துபோகும் தொலைவில்தான் திப்புவின் கோடைகால அரண்மனை இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மதிலுக்குள் இருந்தவை என்பதைப் போக்குவரத்து மறக்கடித்துவிடுகிறது. ஹைதர் தொடங்கிய இந்த மாளிகை திப்பு காலத்தில் 1791இல் முடிந்தது. முடிந்த ஆண்டே பறிபோன ஆண்டும்கூட. சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்ற பொருளில் பாரசீகத்தில் ஒரு பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஹண்டர் இதன் மேற்கு முகப்பையும், முன்னிருந்த சதுக்கத்தையும், இதற்கு வரும் தெருவையும் தனித்தனியாக வரைந்தார். ஒரு பகைவனின் வீட்டை இத்தனை கோணங்களில் வரைவதற்கு ராணுவக் காரணம் எதுவும் இருக்க முடியாது. இந்த இடத்தில் பீரங்கிக்காரர் ஒதுங்கிக்கொண்டு ஓவியர் முன்னால் வந்துவிட்டார் என்பது என் கணிப்பு. இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் தேக்குத் தூண்கள். வரிவரியாகக் குடைந்த உடம்பு. மேலே இதழ் இதழாக விரியும் வளைவுகள். அவற்றுக்கு நடுவே நின்றால் நம் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தையும் மசூதியின் வளைவையும் ஒரே தச்சன் யோசித்ததுபோல் இருக்கிறது. ஒரு தூணின் அடியில் மரம் வெடித்து, யாரோ மெழுகு போன்ற எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அடைப்பிலும் விரல் நகத்தால் ஒரு காதல் ஜோடியின் முதலெழுத்துகள்.

ஆங்கிலேயர்கள் பின்னாளில் இதையே தலைமைச் செயலகமாக வைத்துக்கொண்டு, 1868இல்தான் இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரிக் கட்டடத்துக்கு மாறினார்கள். கோப்புக் கட்டுகள் அடுக்கப்பட்டதால்தான் இந்த மரம் பிழைத்தது என்று நினைக்கிறேன். அரசாங்க அலுவலகங்களால் ஒரு கட்டடம் காப்பாற்றப்பட்டது என்று எழுத நேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்திலேயே கோட்டை வெங்கடரமண சுவாமி கோயில், மைசூர் மன்னர் சிக்கதேவராய உடையார் காலத்தது. சித்தப்பா உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, முன்னால் நிற்கும் கற்கம்பத்தைக் காட்டி, முற்றுகையின்போது அரண்மனையை நோக்கி வந்த குண்டை இதுதான் தாங்கியது என்று இங்கே சொல்வார்கள் என்றார். அவர் நம்புகிறாரா என்று கேட்டேன். “கோயில்ல சொல்றத நம்பணும், வெளியில வந்து அளக்கணும்” என்றார்.

நான்காம் நாள்: மழை

காலையில் லால்பாக். ஹண்டரின் படங்களில் ஒன்று, சைப்ரஸ் தோட்டத்தோடு கூடிய பெங்களூரின் கிழக்குத் தோற்றத்தை ஒரு கோயிலிலிருந்து காட்டுகிறது. ஹைதர் 1760இல் தொடங்கிய தோட்டத்தில் சதுரச் சதுரமான பாத்திகளின் ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள் நின்றதைப் புக்கானனும் குறித்திருக்கிறார். அந்தப் பாத்திகளின் ஒழுங்கு இன்று இல்லை. கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் பழைய பாறை மட்டும் அப்படியே இருக்கிறது. பாறையின் மேல் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிகள்தான் தெரிகின்றன. ஓவியர் நின்ற கோயில் எது என்று தேடி ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன்.

மூன்று மணிக்குப் பெங்களூர் மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. உறையை நான் சரியாக மூடாததால் நான்கு அச்சுகள் நனைந்துவிட்டன. சைப்ரஸ் தோட்டத்தின் பச்சை, வானத்தின் நீலத்துக்குள் ஒழுகி, கீழே ஒரு கருஞ்சிவப்புக் கறையாக நின்றது. சித்தி அவற்றைத் துணி உலர்த்தும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்.

கறையைப் பார்த்தபடி மூலப் படங்களின் தயாரிப்பைப் பற்றிச் சித்திக்கு விளக்கினேன். ஓர்ம் பயன்படுத்திய முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால் பொடி மணி மணியாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் மூழ்கவைத்தால் மணிகளுக்கு இடையிலுள்ள செம்பு மட்டும் அரிக்கப்படும். வெளிறிய வானம் வேண்டிய இடத்தில் சிறிது நேரத்திலேயே வார்னிஷ் பூசி அரிப்பை நிறுத்துவார்கள். மதிலின் நிழல் வேண்டிய இடத்தை மறுபடி மறுபடி அமிலத்தில் விடுவார்கள். அச்சடித்த பிறகு, ஒவ்வொரு தாளுக்கும் கூலிக்கு ஆள் வைத்து நீர்வண்ணம் தீட்டுவார்கள். பெங்களூரின் மண் என்ன சிவப்பு, மார்ச் மாத வானம் என்ன வெளுப்பு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஹண்டரின் படங்களில் மார்ச் மாதத்துக்குப் பொருந்தாத ஒரு குளுமை இருப்பதற்கு அந்த லண்டன் தூரிகைகளைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

“கோலம் ஒருத்தி போட்டு, கலர் இன்னொருத்தி அடைச்ச மாதிரி” என்றார் சித்தி. இதைவிடச் சுருக்கமாக நான் எழுதிவிட முடியாது.

ஐந்தாம் நாள்: அலசூர் கேட்

கடைசி நாளை மார்ச் 7ஆம் தேதிக்காக ஒதுக்கியிருந்தேன். அன்று பேட்டையின் அலசூர் வாசலில் பீரங்கியை முன்னே கொண்டுவந்தபோது சுடப்பட்டு இறந்தார் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ். ஹண்டரைப் போலவே அவரும் பீரங்கிப் படைக்காரர், சென்னைப் படையைச் சேர்ந்தவர். வாசல் எப்போதோ போய்விட்டது. ‘ஹலசூரு கேட்’ என்று காவல் நிலையத்தின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருகே ஹட்சன் சதுக்கத்தில், 1791 முற்றுகையில் இறந்த ஆங்கிலேயப் படையினருக்காக எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று நின்றது. 1964இல் அதை இடித்துவிட்டார்கள். அதன் பெயரைத் தாங்கிய சாலை இன்று நிருபதுங்கா சாலை. சித்தப்பா சின்ன வயதில் அந்தத் தூணைப் பார்த்ததாகவும், அதன் நிழலில் கடலை விற்றவரை மட்டும் நன்றாக நினைவிருப்பதாகவும் சொன்னார்.

மூர்ஹவுஸின் சாவை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். அது லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹோம் படைவீரர் இல்லை. காரன்வாலிஸின் படையோடு பயணம் செய்த தொழில்முறை ஓவியர். தோழர்களின் கைகளில் சாய்ந்து உயிர்விடும் தலைவன், சுற்றிலும் கலங்கிய முகங்கள், பின்னால் புகை என்று போர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று லண்டன் எதிர்பார்த்ததோ அப்படியே வரைந்தார். துப்பாக்கி தூக்காத ஹோமின் தூரிகையில் சாவு இருக்கிறது. பீரங்கிப் படையில் சம்பளம் வாங்கிய ஹண்டரின் பெங்களூர்ப் படங்களில், நான் பார்த்த அளவில், ஒரு பிணம்கூட இல்லை. வாசல் இருக்கிறது, அதன் முன்னே தலைப்பாகையோடு நின்று பேசும் சிறு உருவங்கள் இருக்கின்றன, மதில் வெயில் காய்கிறது.

பேட்டையில் என்ன நடந்தது என்று அவர் அறியாதவர் அல்லர். அறிந்தவர் ஏன் விட்டார் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு எல்லைப்புறச் சண்டையில் இருந்தவர். அதைப் பற்றி வீட்டில் பேசி நான் கேட்டதில்லை.

“பார்த்தவன் எதுக்குடா போடுறான்” என்று மட்டும் சொன்னார்.

இரவு நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இரும்புப் பெட்டியிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். பயிற்சிக் காலத்தில் வரைந்த நிலப்பரப்புக் கோட்டுருவங்கள்: ஒரு மலை, ஒரு ஒற்றைப் பனை, ஒரு கோபுரம், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு இழுத்துத் தூரமும் திசையும் குறித்திருந்தது. சாப்பர்ஸில் இன்றும் இதைக் கற்றுத்தருகிறார்களாம். கடைசிப் பக்கத்தில் பென்சில் வாசனை போகாத புதிய படம் ஒன்று இருந்தது. டில்லி வாசல். மதிலின் ஒவ்வொரு கொத்தளமும், உடைப்புக் கல்லும், சாலை ஓரமும். கீழே, ‘184 காலடி’. இரண்டு முறை எண்ணியது அதற்காகத்தான்.

“ஆளுங்க ஒருத்தரையும் காணோமே சித்தப்பா?”

“ஆளு நகந்துட்டே இருப்பான். அவனை வெச்சு அளக்க முடியாது.”

சிறிது நேரம் கழித்து நோட்டை வாங்கிக்கொண்டு போனார். காலையில் கண்டோன்மென்ட் நிலையத்துக்குக் கிளம்பும்போது மேசைமேல் அது திறந்தே கிடந்தது. உடைப்புக் கல்லின் கீழே, கட்டை விரல் நகத்தளவில், ஹெல்மெட் விற்பவர் குந்தி உட்கார்ந்திருந்தார்.